சாம்பலில் ஒளி கண்டவர்

(விஞ்ஞானி கார்ல் அவுயர் வான் வெல்ஸ்பாக் அவர்களின் வாழ்க்கை வரலாறு)



இன்றைக்குச் சுவிட்சைத் தட்டினால் வீடு முழுக்க வெளிச்சம். நம் பாட்டன் பாட்டி காலத்திலே தோட்டப்புறத்தில் இப்படியா இருந்தது? லயத்து வீட்டிலே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அதன் மஞ்சள் வெளிச்சத்திலேதான் சமையல், சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம். கோயில் திருவிழா, கல்யாணம், கூத்து என்று வந்தால் மட்டும் பெட்ரோமாக்ஸ் விளக்கு வரும். அதைக் காஸ் விளக்கு என்றும் சொல்வார்கள். ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, பம்பு அடித்து, புஸ்ஸென்ற சத்தத்தோடு அது எரியத் தொடங்கினால் திடலே பகலாகிவிடும்.

அந்த விளக்கின் கண்ணாடிக்குள்ளே சின்னதாக ஒரு வெள்ளைப் பை தொங்கும். அதற்கு மேண்டில் என்று பெயர். வெளிச்சம் முழுவதும் அதிலிருந்துதான் வரும். ஆனால் எரிந்த மேண்டிலில் விரல் பட்டால் போதும், பொடிப் பொடியாகக் கொட்டிவிடும். மாற்று மேண்டில் கையிலே இல்லையென்றால் அன்றைய கூத்தும் போச்சு!

துணிப் பைதானே, வீட்டிலேயே தைத்துக் கட்டிக்கொள்ளக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். நல்ல கேள்விதான். இதற்கு விடை தெரிய வேண்டுமானால், அந்தப் பையை முதன்முதலில் தன் கையாலே செய்து பார்த்த மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அச்சகத்து வீட்டுப் பிள்ளை

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமான வியன்னாவில் 1858ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி கார்ல் அவுயர் பிறந்தார். தகப்பனார் அலாய்ஸ் அவுயர் எளிய குடும்பத்திலே பிறந்தவர். அச்சுக்கோக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, கிடைத்த நேரத்திலெல்லாம் தாமாகவே பல மொழிகளைப் படித்து, கடைசியில் வியன்னா அரசாங்க அச்சகத்துக்கே தலைவராக உயர்ந்தவர். உலகத்து மொழிகள் பலவற்றுக்கும் அந்த அச்சகத்திலே எழுத்துகள் வார்த்து வைத்திருந்தார்கள். அவருடைய சேவைக்காக 1860இல் அரசர் அவருக்குப் பட்டம் அளித்தார். வெல்ஸ் என்பது அவர் பிறந்த ஊர். அதை வைத்துத்தான் வெல்ஸ்பாக் என்ற பட்டப் பெயர் வந்தது.

கார்லுக்குப் பத்து வயது நடக்கும்போது, 1869இல், தகப்பனார் காலமாகிவிட்டார். அப்பாவின் நிழல் போய்விட்டது. ஆனால் அப்பா காட்டிய வழி போகவில்லை. தெரியாததைத் தானே கற்றுக்கொள்வது, எடுத்த வேலையைப் பாதியிலே விடாதிருப்பது ஆகிய இரண்டும் பிள்ளையிடம் அப்படியே இருந்தன.

ஆசிரியர் தந்த நெருப்பு

பள்ளிப் படிப்பை முடித்து, இராணுவத்திலும் ஓராண்டு சேவை செய்த பிறகு கார்ல் வியன்னாவில் இரசாயனம் படித்தார். 1880இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பேராசிரியராக இருந்தவர் ராபர்ட் புன்சன். மாணவர்களே, உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் புன்சன் அடுப்பு பார்த்திருப்பீர்களே, அந்தப் புன்சன்தான் இவர்.

புன்சன் அடுப்பின் சுடர் நீலமாக இருக்கும். சூடு அதிகம், வெளிச்சம் குறைவு. எந்த உப்பையாவது அந்தச் சுடரில் காட்டினால் அந்த உப்புக்கே உரிய நிறம் தெரியும். முப்பட்டகக் கண்ணாடி வைத்த கருவியால் அந்த நிறத்தைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது எந்தத் தனிமம் என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த வித்தையை வைத்துத்தான் புன்சனும் அவருடைய நண்பர் கிர்ஹாஃபும் சீசியம், ருபீடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களை 1860, 1861ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். கார்ல் இந்த வித்தையை ஆசிரியரிடம் நன்றாகக் கற்றுத் தேர்ந்தார். 1882இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இரட்டையரைப் பிரித்தவர்

பட்டம் வாங்கியவுடன் பெரிய உத்தியோகம் தேடிப் போகவில்லை. வியன்னா திரும்பி, பேராசிரியர் லீபன் என்பவரின் ஆய்வுக்கூடத்திலே சம்பளம் இல்லாத உதவியாளராகச் சேர்ந்தார். அவர் கையில் எடுத்தது அருமண் வகைத் தனிமங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கவே முடியாமல் விஞ்ஞானிகளைத் திணறடித்தவை அவை.

டிடிமியம் என்று ஒரு பொருள். அதைத் தனி ஒரு தனிமம் என்றே 1841லிருந்து பலரும் நம்பிவந்தார்கள். வெல்ஸ்பாக்குக்குச் சந்தேகம். சர்க்கரைப் பாகிலிருந்து கற்கண்டு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல அந்தப் பொருளின் உப்பைக் கரைத்து, சுண்டவைத்து, படிகமாகக் கட்டவிட்டார். முதலில் கட்டியதைத் தனியாகவும் மிஞ்சிய கரைசலைத் தனியாகவும் எடுத்துவைத்து, மறுபடியும் கரைத்து, மறுபடியும் சுண்டவைத்தார். ஒரு தடவையா, இரண்டு தடவையா? நூறு தடவைக்கு மேலே! கடைசியில் ஒரு பக்கம் பச்சை நிற உப்பும் இன்னொரு பக்கம் வேறு நிற உப்பும் பிரிந்து நின்றன. ஒன்றல்ல, இரண்டு தனிமங்கள்! பிரசியோடிமியம், நியோடிமியம் என்று 1885இல் பெயர் வைத்தார். பச்சை இரட்டை, புதிய இரட்டை என்பது அந்தப் பெயர்களின் பொருள். பலர் நம்ப மறுத்தார்கள். பழைய ஆசிரியர் புன்சன் ஏற்றுக்கொண்டார்.

எரிந்த நூல், எரியாத சாம்பல்

இந்த ஆராய்ச்சியின் நடுவிலேதான் மேண்டில் பிறந்தது. பிளாட்டினக் கம்பி நுனியில் உப்பை வைத்துச் சுடரில் காட்டினால் கிடைக்கும் வெளிச்சம் போதவில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு பருத்தி நூலை உப்புக் கரைசலிலே நனைத்துக் காயவைத்து, சுடரில் பிடித்தார். நூல் எரிந்து போனது. ஆனால் நூலிலே ஊறியிருந்த உப்பு, நூலின் உருவத்திலேயே சாம்பல் கூடாக நின்றது. அந்தச் சாம்பல் பளிச்சென்று ஒளி விட்டது.

வேறொருவராக இருந்தால் அடடா என்று வியந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார். வெல்ஸ்பாக் அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களிலே நிலக்கரி வாயுவைக் குழாய் வழியாக அனுப்பி விளக்கு எரித்தார்கள். மங்கலான வெளிச்சம், புகை, சூடு. 1879இல் எடிசன் மின்விளக்கைக் கொண்டுவந்ததும், வாயு விளக்குக்கு இனி வாழ்வில்லை என்ற நிலை. சூடு மிகுந்த புன்சன் சுடருக்கு மேலே ஒரு நூல் பையைத் தொங்கவிட்டால், குறைந்த வாயுவில் நிறைந்த வெளிச்சம் கிடைக்குமே என்று அவர் கணக்குப் போட்டார். ஆசிரியர் சூட்டைத் தந்தார், மாணவர் அதை ஒளியாக்கினார்.

1885இல் முதல் காப்புரிமை பெற்றார். அந்த மேண்டிலில் மக்னீசியம் ஆக்சைடு 60 பங்கு, லாந்தனம் ஆக்சைடு 20 பங்கு, இட்ரியம் ஆக்சைடு 20 பங்கு. 1887இல் வியன்னாவுக்கு அருகே அட்ஸ்கர்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் தொழிற்சாலையும் ஏற்பட்டது.

மூடிய தொழிற்சாலை

ஆனால் என்ன நடந்தது? வெளிச்சம் பச்சை பாரித்து இருந்தது. அந்த வெளிச்சத்திலே மனிதர் முகமே நோயாளி முகம் மாதிரி தெரிந்தால் யார் வாங்குவார்கள்? மேண்டிலும் சீக்கிரமே உடைந்தது. 1889இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அப்போது வெல்ஸ்பாக்குக்கு முப்பது வயதுதான்.

தோல்வி என்றால் இப்படித்தான் இருக்கும். ஊரறிய ஆரம்பித்து, ஊரறிய மூடுவது. அவர் என்ன செய்தார்? மூடிய அந்தத் தொழிற்சாலையைத் தாமே வாங்கினார். அதையே ஆய்வுக்கூடமாக்கி உள்ளே உட்கார்ந்துவிட்டார். தோற்ற இடத்திலேயே மறுபடியும் பாடம் படிக்கத் தொடங்கினார்.

நூற்றில் ஒரு பங்கு

இந்தத் தடவை தோரியம் என்ற தனிமத்தைப் பிடித்துக்கொண்டார். தோரியம் ஆக்சைடு 3,000 டிகிரி செல்சியசுக்கு மேலேயும் உருகாது. நல்ல ஒளியும் தந்தது. ஆனால் ஒரு விசித்திரம். தோரியத்தைச் சுத்தம் செய்யச் செய்ய வெளிச்சம் கூடவில்லை, குறைந்துகொண்டே போனது! சுத்தம் செய்தால் நல்லதுதானே? ஏன் இப்படி? அவரும் அவருடன் உழைத்த லூட்விக் ஹைட்டிங்கரும் விடாமல் தேடினார்கள். கடைசியில் உண்மை வெளிப்பட்டது. தோரியத்தோடு அழுக்குப் போல ஒட்டியிருந்த துளி சீரியம்தான் வெளிச்சத்துக்குக் காரணம். அழுக்கு என்று நினைத்து அதைக் கழுவிவிட்டதால்தான் ஒளி போனது.

சரி, சீரியத்தை நிறையச் சேர்த்தால் என்ன? அதுவும் ஆகாது. அளவு மிஞ்சினாலும் ஒளி மங்கும். தோரியம் 99 பங்கு, சீரியம் ஒரே ஒரு பங்கு என்பதுதான் சரியான கணக்கு. சாம்பாருக்கு உப்புப் போடுகிற மாதிரி! 1891இல் இந்தக் கலவையோடு காப்புரிமை பெற்றார். அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி வியன்னாவிலே ஓப்பரா காப்பிக்கடை வாசலில் புதிய விளக்கு ஏற்றப்பட்டது. பச்சையில்லாத வெள்ளை வெளிச்சம். மக்கள் வாங்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலே உலகத்துப் பெருநகரங்களின் தெருக்களெல்லாம் இந்த விளக்குக்கு மாறின.

பிறகு இதே மேண்டில் மண்ணெண்ணெய் விளக்குக்கும் வந்தது. பம்பு அடித்தால் மண்ணெண்ணெய் சூடான குழாய்க்குள் ஏறி ஆவியாகி, காற்றோடு கலந்து நீலச் சுடராக எரியும். அந்தச் சூட்டிலே மேண்டில் ஒளி விடும். பெர்லின் நகரத்து மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான் பெட்ரோமாக்ஸ். பெட்ரோலியம் என்ற சொல்லையும் அவருடைய மாக்ஸ் என்ற பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. வாயுக் குழாய் போகாத ஊர்களுக்கும், கடல் தாண்டி நம் தோட்டங்களுக்கும் வெளிச்சம் வந்த வழி இதுதான்.

வீட்டிலே செய்ய முடியுமா?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். தொழிற்சாலையில் மேண்டில் செய்யும் முறை இது. பருத்தி நூலைக் காலுறை மாதிரி குழாயாகப் பின்னுவார்கள். பருத்தியைவிட உறுதியான ராமி நார், செயற்கைப் பட்டு ஆகியவையும் பின்னால் வந்தன. பின்னியதை எண்ணெய்ப் பசையும் மண் அழுக்கும் போகும்படி நன்றாகக் கழுவுவார்கள். தோரியம், சீரியம் இரண்டின் நைட்ரேட் உப்புக் கரைசலில் ஊறவைத்து, உருளைகளுக்கு நடுவே கொடுத்துப் பிழிவார்கள். காயவைத்து, துண்டாக வெட்டி, வாயைச் சுருக்கிக் கட்டுவார்கள். கட்டுவதற்கு அக்காலத்தில் கல்நார் நூலைப் பயன்படுத்தினார்கள். அப்படி வாங்கிவந்த மேண்டிலை விளக்கிலே கட்டிக் கொளுத்தினால், துணி கருகி, சுருங்கி, வெள்ளைக் கூடாக நிற்கும்.

ஆகவே வெளிச்சம் துணியிலே இல்லை, துணி குடித்த உப்பிலேதான் இருக்கிறது. பழைய பனியனை வெட்டிப் பையாகத் தைத்து விளக்கிலே கட்டினால் என்ன ஆகும்? ஒரு நிமிஷம் எரியும். பிறகு ஒரு சிட்டிகைச் சாம்பல் விளக்குக்குள்ளே உதிரும். அவ்வளவுதான். தையல் தெரிந்தால் போதாது, எந்த உப்பு, எத்தனை பங்கு என்ற கணக்கு தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள். அது 1898இல்தான் தெரியவந்தது. வெல்ஸ்பாக் மேண்டில் செய்தபோது யாருக்கும் தெரியாது. அதனால் அந்த உப்பைத் தேடிப் பிடித்து வீட்டிலே மேண்டில் செய்யும் வேலை வேண்டவே வேண்டாம். பழைய மேண்டில் உடைந்தால் தூளை ஊதக்கூடாது. ஈரத் துணியால் துடைத்துப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகள் கையிலே அதைக் கொடுக்கக்கூடாது. இந்தக் காலத்திலே பல மேண்டில்களில் தோரியத்துக்குப் பதிலாக இட்ரியம் சேர்க்கிறார்கள். வெல்ஸ்பாக்கின் முதல் மேண்டிலில் இருந்த அதே இட்ரியம்தான்!

கடற்கரை மணலும் ஈய லம்பமும்

அவ்வளவு தோரியத்துக்கு எங்கே போவது? ஆரம்பத்தில் நார்வே நாட்டிலே கிடைத்த அபூர்வக் கல்லிலிருந்து எடுத்தார்கள். விலை அதிகம். பிறகு மோனசைட் என்ற கனமான மணலில் தோரியம் இருப்பது கைகொடுத்தது. பிரேசில் நாட்டுக் கடற்கரையிலிருந்து கப்பல் கப்பலாக அந்த மணல் போனது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலே மோனசைட்டைக் கண்டார். மணலைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். அந்த ஊர் 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டிலும் அந்தப் பொருள் உண்டு. பேராக் மாநிலக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் மணலை அமாங் என்பார்களே, அதிலும் மோனசைட் கிடக்கிறது.

நன்மை இருக்கும் இடத்திலே ஆபத்தும் இருக்கிறது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1980களில் அருமண் பிரித்தெடுத்த ஓர் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து, 1985இல் ஊர் மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1990களில் அந்த ஆலை மூடப்பட்டது. ஒரு பொருளின் ஒளியை அறிந்தால் போதாது, அதன் தீங்கையும் அறிந்து கையாள வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த பாடம் இது.

குப்பையிலிருந்து தீப்பொறி

மோனசைட் மணலில் தோரியம் கொஞ்சம்தான். அதை எடுத்த பிறகு சீரியமும் மற்ற அருமண்களும் குப்பையாகக் குவிந்தன. வெல்ஸ்பாக்குக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் குப்பையிலிருந்து உலோகம் எடுத்து, 70 பங்குக்கு 30 பங்கு இரும்பு சேர்த்தார். அதை உரசினால் தீப்பொறி பறந்தது! 1903இல் காப்புரிமை. சிகரெட் லைட்டரிலும் வெல்டிங் பட்டறை லைட்டரிலும் இருக்கும் சின்னக் கல் இதுதான். ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில் டிரைபாக் என்ற ஊரிலே அவர் இதற்காக வளர்த்த தொழிற்சாலை நூறாண்டு தாண்டி இன்றும் நடக்கிறது.

இன்னும் கேளுங்கள். மின்விளக்கோடு போட்டி போட்ட அதே மனிதர், மின்விளக்கையும் சீர்திருத்தினார். அந்நாளில் மின்விளக்குக்குள்ளே இருந்தது கரி இழை. அதற்குப் பதிலாக ஆஸ்மியம் என்ற உலோக இழையை 1898இல் உருவாக்கினார். பின்னால் ஆஸ்மியத்தின் இடத்தை வுல்ஃபிரம், அதாவது டங்ஸ்டன், பிடித்தது. இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துத்தான் 1906இல் ஓஸ்ராம் என்ற பெயர் பிறந்தது. அந்தப் பெயர் போட்ட பல்பை நம் வீடுகளிலேயே மாட்டியிருப்போம்.

கடைசிக் காலம்

1901இல் ஆஸ்திரியப் பேரரசர் அவருக்குப் பிரபு பட்டம் அளித்தார். வெளிச்சம் பெருகட்டும் என்ற கருத்தையே அவர் தம் சின்னத்தில் பொறித்துக்கொண்டார். 1899இல் மாரி என்ற பெண்மணியை மணந்து, மூன்று ஆண் மக்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் தந்தையானார். செல்வம் வந்தும் ஆய்வுக்கூடத்தை விட்டு அவர் விலகவில்லை. இட்டர்பியம் என்ற பொருளும் இரண்டு தனிமங்களின் கலப்புதான் என்று தம் ஐம்பதாவது வயதை நெருங்கும் நேரத்திலும் பிரித்துக் காட்டினார். ஓய்வு நேரத்தில் ரோஜாச் செடி வளர்ப்பதும் புகைப்படம் எடுப்பதும் அவருக்குப் பிடித்தவை.

1929ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் தேதி, கரிந்தியாவில் தாம் கட்டிய வெல்ஸ்பாக் மாளிகையிலே காலமானார். இன்னும் சில வாரங்களில் எழுபத்தொரு வயது நிறைந்திருக்கும். 1956இல் ஆஸ்திரிய அரசு தன் 20 ஷில்லிங் நோட்டிலே அவருடைய படத்தை அச்சிட்டது. அச்சுக்கோத்து முன்னேறியவரின் மகனுக்கு, அச்சிட்ட காகிதத்திலேயே மரியாதை!

அவர் பிரித்துக் காட்டிய நியோடிமியம் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? கைப்பேசியின் ஒலிபெருக்கியில் உள்ள சின்னக் காந்தத்திலும், மின்சாரக் கார்களின் மோட்டாரிலும் இருக்கிறது. நூறு தடவை கரைத்துச் சுண்டவைத்த பொறுமை வீண் போகவில்லை.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோர் சிலர். கீழே அமர்ந்து கை தட்டுவோர் பலர். வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். இந்த வருஷம் பெயர் அழைக்கப்படாத பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. முதல் மேண்டில் உடைந்தது, முதல் தொழிற்சாலை மூடியது. அங்கேயே கதை முடிந்திருந்தால் நம் திடலுக்கு அந்த வெளிச்சம் வந்திருக்காது. தவறிய கணக்கைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எங்கே தவறியது என்று இன்னொரு தடவை பாருங்கள்.

பெற்றோர்களே! சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துச் சீரியத்தைக் கழுவிவிட்டபோது ஒளியே போய்விட்டது. பிள்ளையிடம் நமக்குப் புரியாத ஒரு துளி ஆர்வம் இருக்கும். ரேடியோவைக் கழற்றிப் பார்ப்பான், ஓயாமல் கேள்வி கேட்பாள். தொந்தரவு என்று அதைக் கழுவிவிட வேண்டாம். நூற்றிலே அந்த ஒரு பங்குதான் பிள்ளைக்கு ஒளி தருவதாக இருக்கலாம்.

வாழ்க கல்வி! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!